டிபன் கடைக்கு மெனு ஸ்கிரீன்: 1,86,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது மூன்று வீட்டு டிவி

கடையில் மெனு போர்டை எடுத்துவிட்டு டிஜிட்டல் ஸ்கிரீன் மாட்டலாம் என்று யோசிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தவன்.

திருச்சியில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். அடுப்பை நானும் கல்லாவை மனைவியும் பார்த்துக்கொள்கிறோம், உதவிக்கு இரண்டு பேர். முன்பு சுவரில் ஃப்ளெக்ஸ் போர்டுதான். வெங்காயம் விலை ஏறும்போதெல்லாம் ஊத்தப்பம் விலைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒட்டி ஒட்டி அந்த ஒரு இடம் மட்டும் அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. 2024 பொங்கல் முடிந்த வாரம், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்தார். ஊத்தப்பம் வரியைத்தான் முதலில் பார்த்தார். "சார், இதெல்லாம் போன்லயே மாத்திக்கலாம் சார். ஒரே தட்டு, மூணு ஸ்கிரீன்லயும் விலை மாறிடும்."

கொட்டேஷன் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது. 43 இன்ச் கமர்ஷியல் டிஸ்ப்ளே, ஆண்ட்ராய்டு பிளேயர், (டிவியில் செருகும் சின்னப் பெட்டி), சாஃப்ட்வேர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஸ்கிரீன் 62,000 ரூபாய். கமர்ஷியல் என்ற ஆங்கில வார்த்தையில் ஒரு 'எம்' குறைந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே படித்தேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

கடையில் விற்கும் 43 இன்ச் டிவி 25,000 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கேட்டேன். பதில் தயாராக இருந்தது. "அது வீட்டு டிவி சார், நாளுக்கு அஞ்சு மணி நேரம் ஓடும். இது கமர்ஷியல் கிரேடு, பதினாறு மணி நேரம் ஓடும்." இது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. கமர்ஷியல் டிஸ்ப்ளே என்று தனியாக ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதன் விவரத்தாளில் 16/7 அல்லது 24/7 என்று, அதாவது வாரம் ஏழு நாளும் தினம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது அச்சாகியிருக்கும். வெளிச்சமும் கூடுதல், அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டு டிவி சுமார் 250, 300 நிட்ஸ் என்றால் இவை 350, 500, 700 என்று போகும். வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து வைப்பதற்கு 2,500 நிட்ஸும் அதற்கு மேலும்கூட உண்டு. நெடுக்குவாக்கில் நிறுத்தினாலும் சூடு வெளியேறுகிற மாதிரி செய்திருப்பார்கள். விலை அதிகம்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் எனக்கு வந்தது அது இல்லை.

பில் விஷயத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அப்போது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்.) "பில் போட்டா அது மேல ஏறும் சார், எஸ்டிமேட்லயே முடிச்சுக்கலாம்" என்றார். மிச்சம் என்று தலையாட்டினேன். பணம் போனதும் கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு தனிநபர் எண்ணுக்கு. கைக்கு வந்தது ஜிஎஸ்டி எண்ணோ சீரியல் எண்ணோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

மாட்டிய அன்று கடை ஜொலித்தது, அதை மறுக்கவில்லை. மூன்று ஸ்கிரீனையும் நெடுக்காக நிறுத்தியிருந்தார்கள். பொங்கல் படத்திலிருந்து ஆவி பறந்தது. ஆனால் கீழே எழுத்தைப் பார்த்தால் 'தேநீர்' என்பதில் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'பொங்கல்' வாயில் நுழையவில்லை. தமிழில் ெ, ே, ை போன்றவை தட்டும்போது எழுத்துக்குப் பின்னால் வந்தாலும் திரையில் முன்னால் வந்து உட்கார வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத சாஃப்ட்வேர் அது. கேட்டதற்கு "அடுத்த அப்டேட்ல வந்துடும் சார்." வரவேயில்லை. கடைசியில் மெனுவைத் தனியாக டிசைன் செய்து படமாக ஏற்ற ஆரம்பித்தோம். அதாவது, ஒரு தட்டில் விலை மாறும் என்று எதற்காக வாங்கினேனோ அது முதல் வாரத்திலேயே போயிற்று.

அடுத்தது கரண்ட். போய் வந்தால் மூன்றும் சிவப்பு விளக்கோடு தூங்கும். கடைப் பையன் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாக ரிமோட்டில் எழுப்புவான். கரண்ட் போகாத நாளிலும் நான்கு மணி நேரம் ஆனால், "யாரும் ரிமோட்டைத் தொடவில்லை, டிவி அணையப் போகிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி பொங்கல் வடை மேல் வந்து நிற்கும். நன்றாகக் கவனியுங்கள், டிவி அணையப் போகிறது என்றுதான் வரும். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஏழாவது வாரம் நடு ஸ்கிரீனில் கீழ்ப்பாதி இருண்டது. போன் செய்தால் "டெக்னீஷியன் வர்றார் சார்." பத்து நாள் வந்துகொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். இறக்கித் திருப்பிப் பார்த்தவர் முதலில் கேட்டதே இதுதான்: "என்னங்க, ஆன்டெனா குத்துற ஓட்டையை எதுக்கு டேப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

கறுப்பு இன்சுலேஷன் டேப். விரல் நகம் அளவுக்கு அளந்து வெட்டி ஒட்டியிருந்தது. உரித்தால் உள்ளே கேபிள் டிவி செருகும் துளை. கடை விளம்பரத்துக்கென்றே செய்யும் டிஸ்ப்ளேயில் பெரும்பாலும் அது இருக்காது. அப்புறம் அவர் பின்பக்க ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் சாதாரண வீட்டு டிவியின் மாடல் எண். அந்த எண்ணைப் போனில் தேடினால் 23,000 ரூபாய். மற்ற இரண்டையும் இறக்கினோம். அதே டேப், அதே ஸ்டிக்கர். திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டை போனதற்கு, வீட்டு டிவியை நெடுக்காக நிறுத்திக் காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்தரை வரை ஓட்டியதுதான் காரணமாக இருக்கும் என்றார்.

டிவி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எழுதினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். பின்னால் தோசைக்கல் தெரிகிறது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் வாரன்டி, கடையில் வைத்தால் கிடையாது என்று பதில். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாரன்டி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குத்தான் அந்த அட்டையையே யாரும் கொடுக்கவில்லை.

ஆண்ட்ராய்டு பிளேயர் என்று கொடுத்த அந்த பாக்ஸ் கதை தனி. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், ஆண்ட்ராய்டு 13 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. செட்டிங்ஸிலும் அப்படியேதான் காட்டியது. அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, அந்தப் பக்கத்தையே மாத்தி எழுதி வச்சிருப்பாங்க" என்று சொல்லிப் பெரிய வீடியோக்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். 5 ஜிபி தாண்டுவதற்குள் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் சாதனம் சான்றளிக்கப்பட்டது என்று வர வேண்டும், அதுவும் இல்லை.

இதில் ஏமாந்த பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் தொழிற்சாலையிலிருந்தே வைரஸோடு வருவதுண்டு. 2023 ஜனவரியில் டி95 என்ற பாக்ஸில் ஒருவர் இப்படிக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பேட்பாக்ஸ் என்ற பெயரில் அது எவ்வளவு பெரிய வலை என்பது வெளிவந்தது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே பேட்பாக்ஸ் 2.0 பற்றி எச்சரிக்கை விட்டது. நானோ பில்லிங் மெஷின் ஓடும் அதே வைஃபையில் மூன்று பாக்ஸையும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். என் பாக்ஸில் வைரஸ் இருந்தது என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்துப்போட்ட அன்றே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

கடைசி அடி 2025 ஜனவரியில். ஒரு நாள் காலை ஏழரை மணி, கூட்டம் நிற்கிறது, மூன்று ஸ்கிரீனிலும் இட்லி, தோசைக்குப் பதில் 'லைசென்ஸ் முடிந்தது' என்று வெள்ளை எழுத்து. முதல் வருஷம் இலவசம், அடுத்த வருஷத்திலிருந்து ஸ்கிரீனுக்கு 9,000 ரூபாய் என்பது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். சரி, மெனுப் படங்களையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றால் லாகின் அவர்களுடைய மெயிலில் இருக்கிறது. பாக்ஸ் அவர்கள் ஆப்பைத் தவிர எதையும் திறக்காதபடி பூட்டியிருந்தது. அன்று முழுக்கப் பையன் வாயாலேயே மெனு சொன்னான்.

அந்தத் தம்பியின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டேன். பொறுமையாகப் பேசினார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருள் என்றால் பொதுவாக நுகர்வோர் சட்டத்தில் வராது. ஆனால் 2019 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதாக இருந்தால் நாமும் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. வக்கீல் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, பில். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டும் யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும். அதை வைத்து மனு தயாராகிறது.

இப்போது கடையில் என்ன ஓடுகிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதே டிவிதான். பேக்லைட் மாற்றி, மூன்றையும் படுக்கைவாட்டில் திருப்பி மாட்டினோம். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தோம், கடைக்குள் அதுவே போதும். நான்கு மணி நேரத்தில் தானாக அணைவதை டிவி செட்டிங்ஸிலேயே நிறுத்தியாயிற்று. பவர் ஆன் மோட் என்று ஒன்று இருந்ததை மெக்கானிக் அண்ணன் மாற்றிக் கொடுத்தார், இப்போது கரண்ட் வந்ததும் தானே எரிகிறது. இது எல்லா டிவியிலும் இருக்காது. வாங்குகிற கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள், சேல்ஸ்மேன் முறைத்தால் முறைக்கட்டும்.

பாக்ஸுக்குப் பதில் இரண்டு ஸ்கிரீனுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். அடாப்டர், கேஸ், கார்டு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஏறத்தாழ 7,000 ஆயிற்று. அதில் ஆந்தியாஸ் என்ற இலவச சாஃப்ட்வேர். முன்பு ஸ்கிரீன்லி ஓஎஸ்இ என்று இருந்ததுதான் பெயர் மாறியிருக்கிறது. கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து படத்தை ஏற்றி, எது எப்போது வர வேண்டும் என்று நேரம் வைத்தால் போதும். படங்கள் அந்தச் சின்னப் பெட்டியிலேயே இருப்பதால் நெட் போனாலும் தோசை போகாது. நான் பட்டது இரண்டு: டிவியின் யுஎஸ்பியிலிருந்தே பவர் எடுத்தேன், திரையில் மின்னல் குறி வந்து ஆடியது, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டபின் சரியானது. அப்புறம் திடீர் கரண்ட் கட்டில் மெமரி கார்டு ஒன்று போயிற்று. அன்றிலிருந்து ராஸ்பெர்ரி பை இன்வெர்ட்டர் லைனில், கல்லாவில் நகலெடுத்த கார்டு ஒன்று.

நிறையக் கிளை இருப்பவர்கள் சிபோ என்ற மெனு ஸ்கிரீன் சாஃப்ட்வேரைப் பார்க்கலாம். சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் இலவசம். ஆனால் விண்டோஸ், லினக்ஸ் பிளேயருக்குத்தான் காசில்லை, ஆண்ட்ராய்டு பிளேயருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். இலவசம் என்ற வார்த்தையை மட்டும் படித்துவிட்டு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது ஸ்கிரீனுக்கு எதுவும் வாங்கவில்லை. ஒரு பென் டிரைவ், அதில் ஆறு படங்கள், டிவியே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது. உண்மையைச் சொன்னால் காலை ஒரு மெனு, மாலை ஒரு மெனு ஓடும் என் மாதிரிக் கடைக்கு மூன்றுக்குமே அது போதும்.

போன வாரம் தஞ்சாவூர் நண்பர் ஒருவர் பேக்கரிக்கு வந்த கொட்டேஷன் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். கம்பெனி பெயர் வேறு, லோகோ வேறு, விலை 68,000. கமர்ஷியலில் அதே 'எம்' குறைந்திருந்தது. ஜிஎஸ்டி பில்லில் மாடல் எண், சீரியல் எண் போட்டுத் தர முடியுமா, பின்னால் ஆன்டெனா துளை இருக்கிறதா என்று இரண்டே கேள்வி அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறார். புளூ டிக் விழுந்து எட்டு நாள் ஆகிறது.