பாண்டில சொந்தப் பாட்டு ரெக்கார்ட் பண்ணணுமா? முத்தியால்பேட்டை மாடி ரூம் எப்படி இருக்கு

பாண்டில நல்ல ஜாம் ரூம் (பேண்டு சேந்து வாசிச்சு பழகற ரூம்) எங்க இருக்குன்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் உக்காந்து எழுதறேன். நாங்க கடலூர் பேண்டு, அஞ்சு பேரு, சொந்தப் பாட்டு மட்டும்தான் பண்றோம், நான் பேஸ் கிட்டார். இந்த ரூம் முத்தியால்பேட்டைல ஒரு வீட்டோட ரெண்டாவது மாடில இருக்கு. பேரு ஏன் போடலன்னா வாசல்ல போர்டே கிடையாது, அக்கம்பக்கத்துல ஏற்கனவே சத்தம் சத்தம்னு பேச்சு ஓடுது, நீ வேற எழுதி கூட்டத்த சேத்துவிட்டுடாத தம்பின்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு. பாண்டில கிட்டார் தோள்ல மாட்டிட்டு போற யாரக் கேட்டாலும் வழி சொல்லிருவாங்க.

ரேட்ட முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அதத்தான் தேடுவீங்க. சும்மா ஜாமிங்குக்கு மணிக்கு 350, மல்டிட்ராக் ரெக்கார்டிங்னா (ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியா பதியறது) 800, அப்புறம் செஷன் பேக்கேஜ்னு ஒண்ணு 9,000 ரூபா, அதுல ரெண்டு பாட்டு லைவா வாசிக்கணும், ரெண்டு கேமரால எடுப்பாங்க, நடுவுல பேண்ட உக்கார வச்சு உங்க கதைய பேச வச்சு எல்லாத்தையும் ஒரே வீடியோவா கோத்து தருவாங்க. நாங்க எடுத்தது அந்த பேக்கேஜ்தான்.

ரூம பத்தி. முட்டை அட்டை ஒட்டி வச்சிட்டு சவுண்ட் ப்ரூஃப்னு சொல்ற ரூமெல்லாம் பாத்து வெறுத்துப் போயிருக்கேன், அந்த அட்டைக்கு எடையே கிடையாது, சத்தம் வெளிய போகாம நிக்கணும்னா செவுத்துக்கு கனம் வேணும், கதவு இடுக்கு ஜன்னல் இடுக்கெல்லாம் காத்து போகாம அடைக்கணும், எவன் கெளப்பிவிட்டானோ தமிழ்நாடு பாண்டி பூரா முட்டைக்கடைக்கு நல்ல வியாபாரம். இங்க அப்படி இல்ல. மரச்சட்டம் அடிச்சு உள்ள ராக்வூல் (கல்லுலருந்து செய்யற பஞ்சு) வச்சு மேல துணி இழுத்து கட்டியிருக்காரு, உள்ள கைதட்டி பாத்தா எதிரொலி வரவே வராது, பேசுனா நம்ம குரலே நமக்கு பக்கத்துல கேக்கும். ஆனா அதெல்லாம் ரூமுக்குள்ள எதிரொலி அடங்கத்தான், பேஸும், காலால மிதிக்கற கிக் ட்ரம்மும் தரை வழியா கீழ் வீட்டுக்கு ஜாலியா இறங்கிப் போயிடுது. கீழ அண்ணனோட அம்மா இருக்காங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல கிக்க மிதிக்கக்கூடாது, அது ரூல், அதுல பேச்சுக்கே இடமில்ல, அம்மா சீரியல் டைம்.

கியர் சுமார்தான். ட்ரம் கிட் பரவால்ல, சிம்பல்ல ஒண்ணு ஓரத்துல விரிசல் விட்டிருக்கு, ஹை ஹேட்டோட (ஜோடி சிம்பல்) மேல் தட்ட புடிச்சிருக்கற கிளட்ச் நடுப்பாட்டுல லூஸ் ஆயிடும். பேஸ் ஆம்ப்ல ஒரு உர்ர்ர்னு ஹம் வந்துட்டே இருந்துச்சு, எர்த்திங் பிரச்சனைன்னு தோணுது, லேப்டாப் சார்ஜர புடுங்கினதும் பாதி கொறஞ்சிடுச்சு, கடைசில ஆம்ப விட்டுட்டு ஆம்ப் இல்லாமலே ரெக்கார்டிங்குக்கு அனுப்பற டிஐ பாக்ஸ்ல நேரா சொருகிட்டோம். மைக்கு நல்லா வச்சிருக்காரு. பாட்டுக்கு ஷூர் எஸ்எம் 58, 1966ல மார்க்கெட்டுக்கு வந்த மைக்கு இன்னமும் உலகம் பூரா மேடைல நிக்குதுன்னா சும்மாவா, பக்கத்துல ட்ரம் அடிச்சாலும் பாடறவங்க வாய்லேருந்து வர்றத முதல்ல புடிக்கும். பீச்சு ரொம்ப தூரமில்ல, உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சிடும்னு கிட்டாரெல்லாம் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு மூடியே வச்சிருக்காரு, ரூம்ல ஈரத்த இழுக்க தனியா ஒரு மிஷினும் ஓடுது. அப்பவும் ரூம் கிட்டார்ல கம்பி கருப்புதான். உங்க கிட்டார எடுத்துட்டு போங்க.

இனிமேதான் விஷயம். எங்க பேண்ட்ல பறை இருக்கு. எங்க தம்பி ஒருத்தன் அடிக்கறான், மாட்டுத்தோல் கட்டுன பறை, இப்ப நிறைய பேரு கையில இருக்கற ஃபைபர் தோல் இல்ல. முன்னாடி போன ஒரு ஸ்டுடியோல (இது வேற ஊரு, வேற இடம்) பறைன்னு சொன்னதுமே மூஞ்சி சுளிச்சாங்க, சாம்பிள் இருக்கு கீபோர்ட்ல போட்டுக்கலாமே பாஸ்னு ஒருத்தரு சொன்னாரு, அன்னிக்கு தம்பி வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இங்க அண்ணன் முதல்ல கேட்டதே எங்க காய்ச்சப்போறீங்கன்னுதான். ஏசி ரூம்ல அரை மணி நேரம் இருந்தா தோல் தொய்ஞ்சு போயிடும், அடிச்சா தொப்பு தொப்புன்னு விழும், திரும்ப நெருப்புல காட்டுனாதான் கணீர்னு பேசும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. மொட்டை மாடில பழைய பெயிண்ட் டப்பால ஓலையும் அட்டையும் போட்டு கொளுத்தி குடுத்தாரு. தம்பி பறைய நெருப்புக்கு மேல சுத்தி சுத்தி காட்டிட்டு ஓரத்துல விரலால சுண்டி சுண்டி பாப்பான், சுண்டுற சத்தம் ஏறிட்டே வரும், ஒரு இடத்துல போதும்னு நிறுத்தி ரெண்டு ரெண்டு படியா இறங்கி ஓடி வந்து மைக்கு முன்னாடி நிப்பான், உடனே டேக். ஏசி ஆஃப். அஞ்சு பேரும் வேர்வைல குளிச்சிட்டோம், ஆனா அந்த சத்தம் எந்த சாம்பிள்லயும் வராது.

மைக் வைக்கறதுக்கும் மெனக்கெட்டாரு. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, முன்னாடி அடிக்குச்சியோட கனம், சிண்டுக்குச்சி தட்டுற அந்த சுள்ளுனு சத்தம் தனியா தெரியணும்னு மைக்க ஓரமா திருப்பித் திருப்பி வச்சாரு. பின்பக்க மைக்கோட சத்த அலைய (ஃபேஸ்னு சொல்வாங்க) தலைகீழா திருப்பிப் போட்டதும் பறைக்கு உடம்பு வந்துச்சு பாருங்க, தம்பி ஹெட்ஃபோன கழட்டி திரும்ப மாட்டி திரும்ப கழட்டி சிரிக்கறான். க்ளிக் ட்ராக் (வேகம் மாறாம இருக்க காதுல ஓடற டிக் டிக்) போட சொல்லி ஒரு வார்த்தை கேக்கல. பறை கூட வாசிக்கறப்ப வேகம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்னுட்டாரு.

அப்புறம் பாட்டு. ரெக்கார்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்தப் பாட்டு எதப்பத்தின்னு ஒவ்வொருத்தரா சொல்ல சொல்றாரு, அதுவும் பாடுறவங்க கடைசில. என்ன ஸ்கூல் மாதிரின்னு எரிச்சலா இருந்துச்சு முதல்ல. எங்க பாட்டு எங்க பாடகி அக்காவோடது, அவங்க பல வருஷம் கடலூர்லருந்து பஸ் ஏறி பாண்டி துணிக்கடைல வேலை பாத்தவங்க, நாள் பூரா நின்னே வேலை. கடைல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட்டு குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்ல சட்டம் வந்துச்சு, ஆனா அது தமிழ்நாட்டு சட்டம், அக்கா வேலை பாத்த கடை எல்லைல இருக்கற முள்ளோடை தாண்டி பாண்டிப் பக்கம். அதான் பாட்டே. திரும்பி வர்ற பஸ்ல ஒரு சீட்டு கெடைக்குமா கெடைக்காதா, கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர கத்திட்டே வர்றாரு, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை. அதையே கோரஸா வச்சிருந்தோம், கிட்டார், கீபோர்டு, ஹார்மனி எல்லாம் அடுக்கி பிரமாண்டமா.

அண்ணன் கேட்டாரு, முதல் மூணு ஊரு பேரும் நீளமா வருது, முள்ளோடை மட்டும் குட்டையா இருக்கு, அத ஏம்மா இழுத்துப் பாடி நிரப்பறீங்க, அங்க சும்மா விட்டுடுங்களேன். விட்டுப் பாத்தோம். முள்ளோடைன்னு சொன்னதும் ஒரு இடைவெளி, அக்கா மூச்சு இழுக்கற சத்தம், உடனே பறைல ஒரே ஒரு அடி. அவ்ளோதான், கிட்டாரிஸ்ட்டே கோரஸ்ல எனக்கு வேலை இல்லன்னு சொல்லி கிட்டார கீழ வச்சிட்டான். இன்னொண்ணு, ரெண்டாவது சரணம் பூரா அந்த சட்டம் என்ன ஏதுன்னு விளக்கி எழுதியிருந்தேன், நான் எழுதுனதுதான், அது ரெண்டு வரியா சுருங்கிடுச்சு. கொஞ்சம் வலிச்சுது. காசு வாங்கிட்டு பட்டன அமுக்குறவங்க நிறைய பேரு இருக்காங்க, வார்த்தைய காது குடுத்து கேக்கற ஆளு இந்த ரூம்லதான் எனக்கு கெடச்சாரு, இந்த ரிவ்யூவ எழுத வச்சதே அதான்.

சரி, பேக்கேஜ்ல சொதப்பல் எதுன்னா அந்த பேச்சு பகுதி. கேமரா புடிக்கற தம்பி கையில ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு படிக்கறாரு, பேண்டு எப்ப ஆரம்பிச்சீங்க, பேரு எப்படி வந்துச்சு, உங்க இன்ஸ்பிரேஷன் யாரு. இந்த மூணாவது கேள்விக்கு தமிழ்நாட்ல எந்த பேண்ட உக்கார வச்சாலும் ராஜா சார், ரஹ்மான் சார்னுதான் வாயில வரும், பொய்யும் இல்ல, ஆனா அதுல எங்க பாட்டு பத்தி ஒரு மண்ணும் இல்லையே. நான் வேற கெத்தா இருக்கட்டும்னு சென்னை பேண்டு கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேர சொன்னேன், 2018ல அவங்க மேடை ஏறினப்பறம்தான் கானாவையும் பறையையும் ஒரு பேண்டுக்குள்ள வச்சு தைரியமா பண்ணலாம்னு எங்களுக்கு தோணுச்சு, அது நெஜம், ஆனா வீடியோல பாத்தா நான் சொல்றது பரீட்சைல எழுதுன மாதிரி இருக்கு. அதே அக்கா டீ குடிக்க மாடிப்படில உக்காந்தப்ப சொன்ன கதை இருக்கே, கடைல கால் வலி தாங்காம டிரையல் ரூமுக்குள்ள போயி கதவ சாத்திட்டு ரெண்டு நிமிஷம் தரைல உக்காந்துட்டு வருவாங்களாம், வெளிய சூப்பர்வைசர் வந்தா கூட வேலை பாக்கற பொண்ணு கதவத் தட்டி அளவு சரியா இருக்கான்னு கஸ்டமர கேக்கற மாதிரி கேப்பாளாம், இது பாட்டுலயே இல்ல, எங்களுக்கே அன்னிக்குதான் தெரியும். கேமரா உள்ள சார்ஜ்ல கெடந்துச்சு. போறவங்க டீ டைம்லயே எடுங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, அண்ணன் கேப்பாரு, நாங்க சொன்னப்ப தலையாட்டினாரு.

டெலிவரி லேட்டு. பத்து நாள்னு சொன்னது ஒரு மாசத்த தொட்டுச்சு, போன் பண்ணா எடுப்பாரு, நாளைக்குன்னு சொல்லுவாரு, அந்த நாளைக்கு வரவே வராது. முதல் மிக்ஸ்ல குரல் கிட்டாருக்கு அடில போயிருந்துச்சு, ஏத்த சொன்னோம், ரெண்டு தடவ மாத்தினதுக்கு காசு கேக்கல. எங்க ட்ரம்மர் மட்டும் இன்னும் சத்தமா இன்னும் சத்தமான்னு நின்னான், ஸ்பாட்டிஃபைல எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்த அளக்கற கணக்கு) பக்கம் இறக்கித்தான் ஓட்டுவான், நீ இங்க நசுக்கி நசுக்கி ஏத்தினா பறையோட அடிதான் சப்பையாகும்னு அண்ணன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டினதும் வாய மூடிக்கிட்டான்.

ஒரு பேப்பர் வேலையும் பண்ண வச்சாரு, அதுக்கு தனியா நன்றி சொல்லணும். பாடறதுக்கு முன்னாடியே ஸ்ப்ளிட் ஷீட், வரி யாரு, மெட்டு யாரு, யாருக்கு எத்தன பர்சன்ட், எல்லாரும் கையெழுத்து. 2012ல காப்பிரைட் சட்டத்துல பண்ணுன திருத்தத்துல பாட்டு எழுதறவங்களுக்கும் மெட்டு போடறவங்களுக்கும் ராயல்டில பங்கு உறுதியா இருக்கு, ஆனா ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்கற ஐபிஆர்எஸ் சங்கத்துல மெம்பரா சேந்து பாட்ட பதிவு பண்ணாதான் கைக்கு வரும்னு அப்பதான் தெரிஞ்சுது. ஸ்பாட்டிஃபைல வருஷத்துக்கு 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு 2024லருந்து ரெக்கார்டிங் ராயல்டி ஒத்தக்காசு கெடையாதுங்கறதும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, சொந்தக்காரங்கள வச்சாவது அந்தக் கோட்ட தாண்டிடுங்க.

எல்லா பேண்டுக்கும் இது செட் ஆகுமான்னா ஆகாது. வைட் டவுன் கஃபேல வீக்எண்டு கூட்டத்துக்கு கவர் பாட்டு வாசிக்கற டீம்னா (தப்பில்ல, நாங்களும் கேட்டுப் பாத்தோம், ஒரிஜினல் வேணாம் தெரிஞ்ச பாட்டா பாடுங்கன்னு சொல்லிட்டாங்க) உங்களுக்கு இத விட நல்ல ஆம்ப் இருக்கற ரூம் போதும். பாரதியார் பாட்ட ராக் பண்ண போறவங்க அண்ணன்கிட்ட கொஞ்சம் திட்டு வாங்க ரெடியா போங்க, அவரு 1908லருந்து பத்து வருஷம் இங்க இருந்தாருங்கறதுக்காக பாண்டில பேண்டு வச்ச எல்லாரும் அவரையே புடிச்சு தொங்கறீங்களே, உங்க வீட்ல ஒரு கதை இல்லையான்னு கேப்பாரு. எங்ககிட்டயும் கேட்டாரு, நல்லவேள அக்கா பக்கத்துல இருந்தாங்க.

ஜூன் மாசம் போறதா இருந்தா முன்னாடியே சொல்லி வைங்க, 21ஆம் தேதி ஃபெட் த லா மியூசிக்னு இசைத் திருவிழா வரும், அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் மேடை கெடைக்கும்னு எல்லா பேண்டும் அந்த வாரம் ஜாமிங்குக்கு அடிச்சிப்பாங்க. ட்ரம்மர் சொந்தமா கிளட்சும் ஒரு சிம்பலும் எடுத்துட்டு போகட்டும். வண்டிய எதிர் வீட்டு கேட்டுக்கு முன்னாடி நிறுத்தாதீங்க, சந்து முனைல பால் பூத் பக்கத்துல நிறுத்திட்டு நடந்து வாங்க. பறை இருந்தா ஓலை நீங்களே கொண்டு போயிடுங்க, அங்க இருந்தத நாங்க காலி பண்ணிட்டோம்.