சினையான தெருப்பூனை: எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 67 நாள். வயிறு இருபுறமும் பெருத்துக் கண்ணுக்குத் தெரியும்போது அதில் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். மிஞ்சுவது மூன்று நான்கு வாரம்தான். கையில் இருக்கும் கொஞ்சப் பணம் சாப்பாட்டுக்கும் மருத்துவருக்கும் போகட்டும். பெட்டி, விரிப்பு, கழிவுத்தட்டு எல்லாவற்றுக்கும் வீட்டில் கிடப்பதே போதும்.

உலர் உணவா, ஈர உணவா, வீட்டுச் சமையலா?

பட்ஜெட் இறுக்கம் என்றால் குட்டிப்பூனைகளுக்கான உலர் உணவுதான் முதல் தேர்வு. பெரிய பூனைக்கான உணவைவிட இதில் புரதமும் கொழுப்பும் கூடுதல். பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ‘முழுமையான உணவு’ என்றும், வளரும் குட்டிகளுக்கோ எல்லா வயதுக்குமோ ஏற்றது என்றும் இருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்று போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது.

அளவைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்குக் கடைசி வாரங்களில் ஒரு நாளைக்கு 300 முதல் 350 கலோரி தேவைப்படும். உலர் உணவில் அது 80–90 கிராம். ஈர உணவில் 85 கிராம் பவுச் நாலைந்து பிரிக்க வேண்டும். பாலூட்டும்போது தேவை சாதாரண நாளைப்போல் இரண்டு மடங்கு, குட்டிகள் அதிகமானால் மூன்று மடங்குகூட ஆகும். அப்போது பவுச் கட்டுப்படியாகாது. மேலும் உலர் உணவைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால், வயிற்றில் குட்டிகள் நெருக்குவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாத பூனை, கொஞ்சம் கொஞ்சமாக வந்து தின்னும். ஈர உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கெட்டுவிடும்.

உலர் உணவின் குறை தண்ணீர். பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும். ஒரு வேளை உணவையாவது சம அளவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

வேகவைத்த கோழி மலிவாகத் தெரியும், பூனையும் ஆசையாகத் தின்னும். ஆனால் எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. டாரின் என்ற சத்து வெந்த நீரில் இறங்கிவிடும்; அது குறைந்தால் கரு வயிற்றிலேயே அழியலாம். அதனால் கோழி பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வெந்த நீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. ஈரலைத் தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகையாகிக் குட்டிகளுக்கு ஊனம் வரலாம். நாய் உணவு எவ்வளவு மலிவானாலும் பூனை உணவுக்கு மாற்றல்ல. மாட்டுப்பால் பல பூனைகளுக்குப் பேதியைத்தான் கொடுக்கும். கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுத்தால், ஈன்ற பிறகு உடல் தானாகக் கால்சியத்தை எடுத்துத் தரும் திறன் மந்தமாகி, நடுக்கமும் வலிப்பும் வரும் அபாயம் கூடும்.

கருத்தடையா, பிரசவமா?

பலர் பேசத் தயங்கும் கேள்வி இது. சினையாக இருக்கும்போதே கருத்தடை செய்ய முடியும், கருவும் நீங்கிவிடும். செலவு ஒரே அறுவையோடு முடியும். பிரசவத்துக்கு விட்டால் எட்டு வாரம் தாய்க்குத் தீவனம், குட்டிகளுக்குப் புழு மருந்து, தடுப்பூசி, வீடு தேடுவது, கடைசியில் அதே அறுவை. பூனை நோஞ்சானாக இருந்தாலோ, குட்டிகளுக்கு வீடு கிடைக்காது என்று தெரிந்தாலோ, முதல் வழியே அதற்கும் நல்லது. நாள் நெருங்க நெருங்க அறுவையின் அபாயம் கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்கேனா, எக்ஸ்ரேயா?

பிரசவம்தான் என்று முடிவானால், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், கடைசிப் பத்து நாளில் ஒரு எக்ஸ்ரே. ஸ்கேன் குட்டிகளின் இதயத்துடிப்பைக் காட்டும், எண்ணிக்கையில் தவறும். எக்ஸ்ரேயில் எலும்புகள் தெரிவதால் எண்ணலாம். நாலு குட்டி என்று தெரிந்தால், மூன்றோடு நின்றுபோனது உடனே புரியும். அவசர அறுவைக்கென ஒதுக்கிய தொகையை எடுத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால், எக்ஸ்ரேயை விட்டுவிடுங்கள்.

புழு மருந்தில் ஃபென்பென்டசோல், பைரான்டெல் இரண்டும் சினைக்கு ஏற்றவை. அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குப் போகும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள். தெள்ளுப்பூச்சிக்கு நெருக்கமான சீப்பும் சோப்பு நீரும் போதும். நாய்க்கான சொட்டு மருந்தில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியைச் சினையில் போடக்கூடாது.

இடமும் பெட்டியும்

அட்டைப்பெட்டி வெல்லும், சந்தேகமே இல்லை. 50 × 40 செ.மீ. அளவு, மூடிய மேற்பக்கம், தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் வாசல். அடியில் செய்தித்தாள், மேலே பழைய பருத்திச் சட்டை. நனைந்தால் பெட்டியையே மாற்றிவிடலாம். நூல் வளையம் உள்ள டவலில் குட்டிகளின் நகம் மாட்டும். கழிவுத்தட்டில் போடும் கட்டியாகும் மணல் குட்டிகளுக்கு ஆபத்து, கிழித்த காகிதம் போதும். பழகிய பூனையைத் தனி அறையில் வையுங்கள். பழகாததை அடைத்தால் அது பதறிச் சாப்பிடாது. மழை படாத மறைவான இரண்டு இடங்களில் பெட்டி வைத்து அதன் போக்கில் விடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கழிவுத்தட்டை வேறொருவர், கையுறையோடு, தினமும் சுத்தம் செய்யட்டும்.

ஈனும்போதும் அதற்குப் பிறகும்

கூடவே கையை நீட்டுவதைவிடத் தள்ளி இருந்து பார்ப்பது நல்லது. அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, பிறப்புறுப்பு வாயிலில் சிக்கி நிற்கிறது, புது ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் ஒழுகுகிறது: இவற்றில் எது நடந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் அதுதான் சிறந்த கருவி. பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10–15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுதும் ஏறாத குட்டிக்குக் குட்டிப்பூனைகளுக்கான பால்மாவு கொடுங்கள். மாட்டுப்பாலில் புரதமும் கொழுப்பும் போதாது. குளிர்ந்திருக்கும் குட்டிக்கு முதலில் சூடு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். பிறகுதான் பால், வயிறு கீழே இருக்கும்படி. மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும்.

பாலூட்டும்போதே தாய் மறுபடி சினையாகும். அதனால் முடிந்தவரை வெளியே விடாமல் வைத்து, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும் தேதியில் கருத்தடைக்கு இப்போதே நாள் கேட்டு வையுங்கள்.