இருபது வயது கடந்த காற்றாலைக்கு ஆயுள் நீட்டிப்பு ஆய்வு: எங்கள் அனுபவம்

முப்பந்தலில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான 250 கிலோவாட் காற்றாலை 1996 முதல் ஓடுகிறது. காற்றாலைகள் பொதுவாக 20 ஆண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்படுவதாலும், அந்த வயதைக் கடந்தவற்றுக்கான தமிழக அரசின் கொள்கை 2024இல் வெளிவந்ததாலும், கழற்றி விற்பதா, செப்பனிட்டு ஓட்டுவதா என்று முடிவெடுக்க ஒரு நிறுவனத்தின் ஆய்வுச் சேவையை நாடினோம்.

உற்பத்தி இழப்பு ஏற்படாதிருக்க, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், பிப்ரவரியிலேயே வந்தார்கள். கயிற்றில் தொங்கியபடி இறக்கையை அங்குலம் அங்குலமாகச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தவர், ஒட்டு விட்டிருந்த ஓரிடத்தில் ஓசை மந்தமாகிப்போனதைக் கைபேசி வழியாக எங்களுக்கும் கேட்கச் செய்தார். கியர் பாக்ஸ் எண்ணெயை உலோகத் துகள் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கோபுரம் கான்கிரீட்டைச் சந்திக்கும் விளிம்பில் மயிரிழை வெடிப்பைக் கண்டு, நீர் இறங்கினால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்று பொறுமையாக விளக்கியதற்கு உண்மையிலேயே நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

அறிக்கையில்தான் குறை. நெருக்கமாக நிற்கும் அண்டை ஆலைகளைக் கடந்து வரும் கலங்கிய காற்று இறக்கையின் சோர்வை (திரும்பத் திரும்ப விழும் விசையால் பொருள் வலுவிழப்பதை) விரைவுபடுத்தும் என்பது தெரிந்திருந்தும், ஆலை இதுவரை தாங்கிய காற்று விசையை மதிப்பிடும் சுமைக் கணக்கு ஏதுமின்றி "இன்னும் ஐந்தாண்டு ஓடும்" என்று எழுதியிருந்தார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகே, எங்கள் மாதாந்திர உற்பத்திப் பதிவேடுகளை வாங்கிக் கணக்கிட்டுத் தந்தார்கள். இச்சேவையை அமர்த்துவோர் அந்தக் கணக்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.