டாக்: அடுக்கில் புதைந்த காயும் ஆட்டத்தில் இருக்கிறது

ஜேம்ஸ் எர்னஸ்ட், பாட்ரிக் ராத்ஃபஸ் இருவரும் வடிவமைத்த டாக், 2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் நிதி திரட்டி வந்த, இருவர் ஆடும் பலகை ஆட்டம். விதிகளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அடுக்கைப் பிரித்து நகர்த்துவது கைவரத்தான் மாதக்கணக்காகும். பல மாதம் ஆடிய பிறகும் சலிக்காததற்குக் காரணமும் அதுவே.

ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை உங்கள் காய்களால் பாதை போட்டால் வெற்றி. பாதை வளையலாம், ஆனால் மூலையோடு மூலை தொடுவது செல்லாது. 4×4 பலகைக்கு ஆளுக்கு 15 காய். 5×5க்கு 21 காயும் ஒரு கேப்ஸ்டோனும் (தனிச் சக்தியுள்ள சிறப்புக் காய்). 6×6க்கு 30 காயும் ஒரு கேப்ஸ்டோனும். பழக 5×5 தான் சரி. கேப்ஸ்டோன் இல்லாத சிறிய பலகையில் பாதி ஆட்டம் தெரியாமலே போய்விடும்.

முதல் முறை மட்டும் இருவரும் எதிராளியின் காயை வைக்க வேண்டும். மூலையில் வைப்பதே நல்லது. பிறகு ஒரு முறைக்கு ஒரே வேலை: காலிக் கட்டத்தில் புதுக் காய் வைக்கலாம், அல்லது உச்சியில் உங்கள் காய் உள்ள அடுக்கை நகர்த்தலாம். ஒரு காய் இன்னொன்றின்மேல் ஏறினால் அடுக்கு. படுத்த காய் பாதையில் சேரும். நிற்கும் காய் சுவர்: பாதையில் சேராது, அதன்மேல் ஏறவும் முடியாது. கேப்ஸ்டோன் பாதையிலும் சேரும், சுவரையும் சாய்க்கும். ஆனால் சுவரின்மேல் ஏறும் கடைசி அடியை அது தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இனி அடுக்கு. 5×5 பலகையில் ஒரே நேரத்தில் 5 காய்வரை தூக்கலாம். நேர்க்கோட்டில் போய், கடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அடியிலிருந்து ஒன்றாவது விட்டுச் செல்ல வேண்டும். வரிசையின் முதல் கட்டத்தில் கீழிருந்து மேலாக வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஓர் அடுக்கு இருக்கிறது. வெள்ளைக் காய் ஆடுபவர் மேல் நான்கைத் தூக்கி, ஒவ்வொன்றாக விட்டால் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி விழும், பாதை அறுந்துவிடும். அதையே இரண்டு இரண்டாக விட்டால் முதல் மூன்று கட்டங்களின் உச்சியிலும் வெள்ளை. நான்காவதும் ஐந்தாவதும் ஏற்கெனவே வெள்ளை என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்: உச்சியை மட்டும் பார்க்கிறார்கள், அடியில் இருக்கும் வரிசையை எண்ணுவதில்லை.

அடுத்த தவறு, பயந்துபோய் சுவர் சுவராக வைப்பது. பலகை நிரம்பினாலோ ஒருவர் கையில் காய் தீர்ந்தாலோ, உச்சியில் படுத்திருக்கும் காய்களைத்தான் எண்ணுவார்கள். சுவரும் கேப்ஸ்டோனும் அந்தக் கணக்கில் வராது. எண்ணிக்கைப் போட்டியில் முதலில் ஆடுபவர் கை ஓங்கியிருக்கும் என்பதால், இரண்டாமவருக்கு 2 புள்ளி கூடுதலாகத் தரும் வழக்கமும் உண்டு.

செட் வாங்காமலும் ஆடலாம். இரண்டு கேரம் செட் காய்களைச் சேர்த்தால் ஆளுக்கு 18, 4×4க்குத் தாராளம். 5×5க்கு மூன்று செட் வேண்டும். கேரம் காயை நிறுத்தினால் உருண்டுவிடும். அதனால் சுவருக்கு செஸ் சிப்பாயையும், கேப்ஸ்டோனுக்கு ராஜாவையும் வையுங்கள். சிப்பாய் வைக்கும்போதெல்லாம் கையிருப்பிலிருந்து ஒரு கேரம் காயைத் தனியே எடுத்து வைக்க மறக்கக் கூடாது; மறந்தால் காய் எண்ணிக்கை தப்பிவிடும். சுவர் சாயும்போது சிப்பாயை எடுத்துவிட்டு அந்தக் காயை அங்கே படுக்க வைத்து, அதன்மேல் ராஜாவை நிறுத்துங்கள்.