மொரீஷியஸில் கம்பெனி பதிவு செய்து தரும் ஒரு சென்னை ஆலோசனை நிறுவனம்: ஓராண்டு வாடிக்கையாளரின் மதிப்பீடு

பாரிமுனையில் என் தந்தை தொடங்கிய பூசைச் சாமான் மொத்தக் கடையிலிருந்து, பதினான்கு ஆண்டுகளாக மொரீஷியஸில் உள்ள ஒரே வியாபாரிக்குக் குத்துவிளக்கு, சாம்பிராணி, விபூதி, காவடிக்கு வேண்டிய அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றை அனுப்பி வருகிறேன். அங்கேயே சிறிய கிடங்கு வைத்து என் பெயரில் கம்பெனி தொடங்கினால் மற்றக் கடைகளுக்கும் நேரடியாக விற்கலாம் என்று தோன்றியதால், கடந்த ஆண்டு ஜூன் மாதம் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை அணுகினேன். அவர்களுக்கும் எனக்கும் இடையே கட்டணம் தொடர்பான ஒரு கணக்கு இன்னும் தீராமல் இருப்பதாலும், இதே சேவையை விற்கும் வேறு இரண்டு இடங்களில் நான் வாங்கிய விலைப்பட்டியல்களும் ஏறக்குறைய இதே அச்சில் இருந்ததாலும், நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் சந்திப்பில் மேலாளர் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து மொரீஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழில் அதன் மதிப்பு எழுதப்பட்டிருந்தது. "நம்ம எழுத்து சார், நம்ம நாடு மாதிரிதான்" என்றார். 1998-இல் அந்நாட்டு மத்திய வங்கி இந்த வரிசையை மாற்றித் தமிழைக் கடைசியில் அச்சிட்டபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் எனக்கு முன்பே தெரியும். ஆயினும் நோட்டைப் பார்த்ததும் நெகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நெகிழ்ச்சியில்தான் 25,000 ரூபாய் முன்பணத்தை அன்றைக்கே கட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கட்டியிருக்கலாம்.

அவர்கள் தரும் வண்ணக் கையேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் நான்காம் பக்கத்தில், மொரீஷியஸ் கம்பெனி வழியாக இந்தியப் பங்குகளில் முதலீடு செய்தால் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பங்கை விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்கு, வரியே கிடையாது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இரு நாடுகளும் 1982-இல் செய்துகொண்ட இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின்படி ஒரு காலத்தில் அது உண்மை. 2016 மே மாதம் கையெழுத்தான திருத்தத்துக்குப் பிறகு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்பட்ட பங்குகளின் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேலும், வரிச்சலுகை பெறுவதே முதன்மை நோக்கமாக இருந்தால் சலுகையை மறுக்கலாம் என்னும் விதியைச் சேர்க்க 2024 மார்ச்சில் இன்னொரு திருத்தத்திலும் கையெழுத்திட்டார்கள். விளக்குத் திரி விற்பவனுக்கு இந்தப் பக்கத்தால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை என்றாலும், காலாவதியான வாக்குறுதியைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு வைத்திருப்பவர்கள் மற்றப் பக்கங்களை எவ்வளவு கவனமாகத் திருத்தியிருப்பார்கள் என்ற ஐயம் அப்போதே வந்தது.

அந்த ஐயம் வீண்போகவில்லை. முதலில் அவர்கள் தந்த விலைப்பட்டியல் 'குளோபல் பிசினஸ்' உரிமத்துக்கானது. முதலாண்டுச் செலவு 6,80,000 ரூபாய். இந்த உரிமம் முதன்மையாக மொரீஷியஸுக்கு வெளியே தொழில் செய்யும் கம்பெனிகளுக்கு உரியது. அந்நாட்டு நிதிச் சேவைகள் ஆணையத்தின் அனுமதி, அங்கு வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், அனுமதி பெற்ற மேலாண்மை நிறுவனம் ஒன்றின் வழியாக நிர்வாகம், ஆண்டுதோறும் அங்கேயே தணிக்கை என்று அதற்கான செலவுகள் நீண்டுகொண்டே போகும். அந்நாட்டுத் தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள கடைகளுக்குச் சாம்பிராணி விற்கப்போகிறவனுக்கு இது எதற்கு என்று என் ஆடிட்டர்தான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்படியே அவர்களிடம் கேட்டபோது, மேலாளர் சிறிதும் தயங்காமல், "அப்ப உங்களுக்கு டொமெஸ்டிக் கம்பெனி போதும் சார்" என்று சொல்லி, அந்நாட்டுக்குள்ளேயே தொழில் செய்யும் அந்த வகைக் கம்பெனிக்கு 2,35,000 ரூபாயில் வேறொரு பட்டியலை அதே மாலையில் அனுப்பினார். என் தேவையை விசாரிக்காமலேயே விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு பெரிது. கம்பெனி தொடங்க 50,000 டாலர் கொண்டு செல்லவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்கள். அது, முதலீட்டாளராக அங்கே தங்கித் தொழில் நடத்துவதற்கான 'ஆக்குபேஷன் பெர்மிட்' பெறுவதற்குரிய நிபந்தனை. கடையைப் பாரிமுனையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை போய் வருபவனுக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. சாதாரணத் தனியார் கம்பெனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் என்றும் எதுவும் அங்கே கிடையாது. 50,000 டாலர் என்பது அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 43 இலட்சம் ரூபாய். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்றாலும், 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காடு டி.சி.எஸ். என்னும் முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். அவர்கள் சொன்னபடி அனுப்பியிருந்தால் ஆறரை இலட்சத்துக்கு மேல் வரிக் கணக்கில் போய் முடங்கியிருக்கும். வருமான வரியில் அது ஈடு செய்யப்படும் என்பது சரிதான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் என் போன்ற கடைக்காரருக்கு ஆறு இலட்சம் என்பது சரக்கு. இந்த டி.சி.எஸ். பற்றி அவர்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் நான் அனுப்பியது 15,000 டாலர்.

குறைகளை மட்டுமே எழுதினால் நியாயமாகாது. ஆவணங்களைச் சேர்த்துக் கொடுப்பதில் அங்கே பணிபுரியும் ஓர் இளம்பெண் காட்டிய திறமைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. பான் அட்டையில் தந்தையின் பெயர் பின்னால் வருகிறது. வங்கிக் கணக்கிலோ முதலெழுத்து மட்டும். இந்த மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி, ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று, அங்குள்ள அதிகாரிக்குத் தமிழ்ப் பெயரிடும் முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் அந்தப் பெண் இணைத்திருந்தார். விந்தை என்னவென்றால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் சொந்தப் பெயர்களையே குடும்பப் பெயர்களாகப் பதிந்துவைத்த நாடு அது. அங்கே நான் சரக்கு அனுப்பும் வியாபாரியின் குடும்பப்பெயர், கொள்ளுத்தாத்தாவின் பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்.

முகவரிச் சான்றில் மட்டும் அந்தப் பெண்ணாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டு மின் இணைப்பு காலமான என் தந்தையின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றம் செய்யாமல் ஒன்பது ஆண்டுகள் காலம் கடத்தியது என் சோம்பல். மொரீஷியஸ் வங்கி அந்த மின் கட்டண ரசீதைத் திருப்பி அனுப்பியது. வாரிசுச் சான்றிதழ் தேடி, பெயர் மாற்றி, புதிய ரசீது வர ஐந்து வாரம் ஆயிற்று.

கம்பெனிப் பதிவு ஒரே வாரத்தில் முடிந்தது. வங்கிக் கணக்கு திறக்கப் பதினான்கு வாரங்கள் ஆயின. கையேடு முதலாவதைப் பற்றிப் பெருமை பேசுகிறது, இரண்டாவதைப் பற்றி மௌனம் காக்கிறது. மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கி அறிக்கை, பணம் வந்த வழி, யாரிடம் என்ன விற்கப்போகிறேன் என்ற விவரம் என்று வங்கி கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. பணச் சலவைத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பு 2020 பிப்ரவரியில் மொரீஷியஸைக் கூடுதல் கண்காணிப்புக்குரிய நாடுகளின் 'சாம்பல் பட்டியலில்' சேர்த்து, 2021 அக்டோபரில்தான் விடுவித்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அந்நாட்டு வங்கிகள் சிறிய கம்பெனியையும் இன்று பூதக்கண்ணாடி வைத்தே பார்க்கின்றன. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் கிடங்கு வாடகையை மூன்று மாதம் தள்ளி ஒப்பந்தம் செய்திருப்பேன். கணக்கு திறக்கத் தாமதமானதால், பிப்ரவரி 1 அன்று வந்த தைப்பூசத்துக்கான சரக்கை வழக்கம்போலப் பழைய வியாபாரியின் பெயரிலேயே அனுப்ப நேர்ந்தது. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை நாள். ஆண்டு விற்பனையில் பாதி எனக்கு அந்தப் பருவத்தில்தான். அக்டோபர் கடைசிக்குள் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்பாவிட்டால் அந்தப் பருவம் போய்விடும்.

இந்தியப் பக்கத்து வேலைகளில் இந்நிறுவனம் மிகவும் பலவீனமாக இருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன் வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் பெறவேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் இதைக் காட்டவேண்டும்; காட்டாமல் விட்ட சொத்துகளின் மொத்த மதிப்பு (அசையாச் சொத்து நீங்கலாக) 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. என் கடையிலிருந்து என் சொந்தக் கம்பெனிக்கே சரக்கு விற்பதால், விலை சந்தை விலைதான் என்று ஆடிட்டர் தனியே அறிக்கை தரவேண்டும். இவற்றுள் முதலாவதை மட்டுமே ஆலோசனை நிறுவனம் சொன்னது. மற்றவை என் ஆடிட்டர் சொல்லித் தெரிந்தவை. "அது உங்க சைடு சார்" என்பதே மேலாளரின் பதில். சென்னையில் அலுவலகம் போட்டு, சென்னை வாடிக்கையாளரிடம் பணம் வாங்குபவர்கள் சென்னைப் பக்கத்தை 'உங்க சைடு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரியைப் பற்றியும் அவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே கம்பெனி வரி 15 விழுக்காடு, ஈவுத்தொகைக்கு வரி இல்லை என்பது உண்மை. அந்த ஈவுத்தொகை என் கைக்கு வந்தவுடன், இந்தியாவில் வசிப்பவன் என்ற முறையில் நான் என் வரம்புக்கேற்ற வரியைக் கட்டியே தீரவேண்டும். அந்தப் பாதி கையேட்டில் இல்லை.

சந்தையைப் பற்றிய பேச்சையும் குறைத்துக்கொண்டால் நல்லது. 'ஆப்பிரிக்காவின் வாசல்' என்கிறார்கள். மொத்த மக்கள்தொகை 13 இலட்சத்துக்கும் குறைவு. அதில் தமிழ் வழியினர் சிறுபகுதி. குத்துவிளக்கு ஒரு முறை வாங்கினால் பேரன் காலம் வரை நிற்கும். ஒரு கொள்கலன் விளக்கை இறக்கினால் தீவுக்கே சில ஆண்டுகளுக்குப் போதும். தீரத் தீர வாங்கும் பொருள்களில்தான் வியாபாரம். அதிலும் சூடம் கப்பல் விதிகளில் தீப்பற்றும் திடப்பொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் தனிப் பொதியல், தனி ஆவணம், கூடுதல் கட்டணம். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–மொரீஷியஸ் பொருளாதார ஒப்பந்தத்தில் 310 இந்தியப் பொருள்களுக்குச் சுங்கச் சலுகை உண்டு. நம் பொருள் அதில் வருகிறதா என்று எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்ணை, வைத்துப் பார்த்து, உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும். பொருள் அனுப்புகிறவனுக்கு முதலில் சொல்லவேண்டிய இந்தச் செய்தியை, தம்புச்செட்டித் தெருவில் உள்ள என் கிளியரிங் ஏஜென்ட் தேநீர் குடித்துக்கொண்டே இலவசமாகச் சொன்னார்.

ஆவண வேலைக்கு இவர்களை அமர்த்தலாம். அதற்கு 2,35,000 ரூபாய் சற்று அதிகம் என்றாலும் அநியாயம் இல்லை. எந்த உரிமம், எவ்வளவு மூலதனம், என்ன வரி என்ற மூன்றையும் சொந்த ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் ஏமாற இடமிருக்காது. அங்கு வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கம்பெனிக்கு வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆண்டுக்கு 90,000 ரூபாய்க்கு ஆள் தருகிறோம் என்றார்கள். நான் பழைய வியாபாரியின் தம்பியையே இயக்குநராக்கினேன். சென்ற வாரம் வந்த புதுப்பிப்பு ரசீதில் அந்த 90,000 ரூபாயும் சேர்ந்தே வந்திருக்கிறது. சிவப்பு மையால் அடித்து, மீதிக்கு மட்டும் காசோலை வைத்து அனுப்பியிருக்கிறேன்.