பாம்புக் கொக்கி, பை செட்: வாங்கலாமா?

வேலந்தாவளம் பக்கம் ஒரு கடையில் பாம்பு பிடிக்கும் கொக்கி, பை, குழாய் மூன்றும் செட்டாகக் கிடைக்கிறது. பாம்பு பிடிக்கக் கேரள வனத்துறைச் சான்று உள்ளவர்களுக்குத்தான் இது. மற்றவர்கள் அந்தத் துறையின் ‘சர்ப்பா’ செயலியில் பாம்பு பிடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

கொக்கி அருமை. ஒரு மீட்டர் நீளம், கை வலிக்காத அலுமினியத் தண்டு, மழுங்கிய முனை. வளைவின் உட்பக்கம் மட்டும் விரலை ஓட்டிப் பாருங்கள். வெல்டிங் பிசிறு இருந்தால் பாம்பின் தோலைக் கிழித்துவிடும். கண்ணாடி விரியன் கனத்த உடம்பு, ஒற்றைக் கொக்கியில் வழுக்கும். இரண்டாக வாங்குங்கள்.

கோளாறு பையில்தான். தையல் விளிம்பை உள்பக்கமாக விட்டிருக்கிறார்கள். பிரிந்த நூலில் பல் மாட்டும், செதில் மாட்டும். புரட்டிப் போட்டு, தெருமுனை டெய்லரிடம் இரட்டைத் தையல் அடியுங்கள். அடி மூலை இரண்டையும் குறுக்கே தைத்தால், பாம்பு நுழையாத அந்தத் துணி முக்கோணத்தைப் பிடித்துப் பையைக் கவிழ்க்கலாம். துணி வழியாகவும் கடிக்கும் என்பதால், கட்டிய பையை மூடியுள்ள வாளியில் வைத்தே வண்டியில் ஏற்ற வேண்டும்.

குழாய் 4 அங்குல பிவிசி. பையின் வாயை அதில் கட்டிச் சுவரோரம் கிடத்தினால், இருட்டைக் கண்டதும் நல்லபாம்பு பெரும்பாலும் தானே நுழையும். அறுத்த விளிம்பை அரத்தால் தேயுங்கள்.

கூடவே இடுக்கியையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம், பிடியின் அழுத்தம் கைக்குத் தெரியாது, பாம்பின் விலா எலும்பு முறியும்.