இன்ஸ்பெக்டா டெக்: தனி ஆல்பங்களும் பிறர் பாடல்களில் பாடிய பகுதிகளும்

நியூயார்க்கைச் சேர்ந்த ராப் குழுவான வூ-டாங் க்ளானின் முதல் சிங்கிளான (தனியாக வெளியிடப்பட்ட பாடலான) 'ப்ரொடெக்ட் யா நெக்' பாடலில் முதலில் ராப் பாடுபவர் இன்ஸ்பெக்டா டெக். 1997இல் அதே குழு 'வூ-டாங் ஃபாரெவர்' ஆல்பத்துடன் திரும்பி வந்தபோது, 'ட்ரையம்ஃப்' பாடலின் முதல் வெர்ஸும் (ஒருவர் தனியாக ராப் பாடும் பகுதியும்) அவருக்கே தரப்பட்டது. ஆனால் அக்குழுவினரின் சிறந்த தனி ஆல்பங்களைப் பற்றிப் பேச்சு எழும்போது ரேக்வான், ஜிஸா, கோஸ்ட்ஃபேஸ் கில்லா ஆகியோரின் பெயர்கள் வந்துவிடுகின்றன. டெக்கின் பெயர் தயக்கத்துடன்தான் சேர்க்கப்படுகிறது. இதில் அநியாயம் கொஞ்சம் உண்டு என்றாலும், முழுவதும் அநியாயம் என்று சொல்ல முடியாது.

பல்லவியே இல்லாமல் ஒருவர் பின் ஒருவராக அனைவரும் வந்து போகும் 'ட்ரையம்ஃப்' பாடலில், அணுகுண்டையும் சாக்ரடீஸையும் தொடக்கத்திலேயே கொண்டுவந்து, ஒரே ஒலியில் முடியும் நீண்ட சொற்களை மூச்சுவிடாமல் அடுக்கிச் செல்கிறார் டெக். எதுகைக்காகப் பொருளை வளைத்ததாகத் தோன்றாத அந்த அடுக்கு, பின்னால் வரும் ஒவ்வொருவரையும் தற்காப்பு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. 'க்ரீம்' பாடலில் அவர் காட்டும் முகமோ வேறு. பதினைந்து வயதில் சிறை சென்றது முதல் தன் இளமையின் இருட்டை, வித்தை எதுவும் காட்டாமல், தாழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறார். ஒரு ராப்பர் தன் முதல் தனி ஆல்பத்துக்கென்று சேர்த்து வைக்கும் வாழ்க்கைக் கதையை டெக் 1993இலேயே குழுவின் பாடலுக்குக் கொடுத்துவிட்டார் என்பதை, அவருடைய தனிப் பயணத்தை மதிப்பிடும் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விருந்தினராகப் பாடிய பாடல்களில் 1998ஆம் ஆண்டைத் தனியே குறிப்பிட வேண்டும். கேங் ஸ்டார் இணையின் 'அபவ் தி க்ளவுட்ஸ்' பாடலில் அந்த இணையின் ராப்பரான குரு முதலில் பாட, டெக் இரண்டாவதாக வந்து பாடலையே தன்வசமாக்கிக்கொள்கிறார். தன் குழுவில் கதவைத் திறந்துவைக்கும் வேலையைச் செய்தவருக்கு முடித்து வைப்பதும் அதே அளவு கைவந்தது என்பதற்கு, அந்த இணையின் இன்னொருவரான டீஜே ப்ரீமியரின் பீட்டில் (ராப்புக்கு அடியில் ஓடும் இசையில்) அமைந்த இந்தப் பாடலைவிட நல்ல சான்று இல்லை. ராப்பர் பிக் பன்னின் 'ட்ரெஸ் லெச்செஸ்' பாடலில், மாப் டீப் இணையின் ப்ராடிஜியும் பன்னும் உடனிருக்க, அவர் சற்றும் பின்தங்கவில்லை.

தனி ஆல்பத்தின் கதை வேறு. நியூயார்க்கின் ஸ்டேடன் ஐலண்டில், வூ-டாங் குழுவின் தலைவரும் இசைத் தயாரிப்பாளருமான ரிஸா தன் அடித்தள ஸ்டுடியோவில் வைத்திருந்த பீட்டுகளை வெள்ளம் அழித்தபோது, டெக்கின் ஆல்பத்துக்கென்று உருவாக்கப்பட்டவையும் அவற்றோடு போயின. குழுவின் மற்ற பலருடைய தனி ஆல்பங்கள் 1994 முதல் 1996 வரை ரிஸாவின் நேரடி மேற்பார்வையில் வெளிவந்துவிட, டெக்கின் 'அன்கன்ட்ரோல்ட் சப்ஸ்டன்ஸ்' 1999இல்தான் வந்தது. அதற்குள் ரிஸா அந்த நெருக்கமான மேற்பார்வையிலிருந்து விலகியிருந்தார். கேட்பவர்களின் ஆர்வமும் தணிந்திருந்தது. பல பீட்டுகளை டெக்கே செய்தார். 'வூ-டாங் ஃபாரெவர்' ஆல்பத்தின் 'விஷன்ஸ்' பாடலுக்கு இசையமைத்தவர் என்பதால் அது அவருக்குப் புதிய வேலையல்ல. இசைத் தயாரிப்பாளர் பீட் ராக் இசையமைத்த 'ட்ரபிள் மேன்' பாடலைக் கேட்பவர்கள் இந்த ஆல்பத்தைத் தோல்வி என்று ஒதுக்க மாட்டார்கள். 'காலம் கடந்து வந்த நல்ல ஆல்பம்' என்பதே சரியான மதிப்பீடாக இருக்கும்.

ஆயினும் எல்லாப் பழியையும் வெள்ளத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஒரு வெர்ஸின் வழக்கமான அளவான பதினாறு பார்களுக்குள் (தாள வரிகளுக்குள்) வியக்கவைக்கும் சொற்செறிவு, ஒரு மணி நேர ஆல்பம் முழுவதும் ஒரே விசையில், ஒரே குரல் உயரத்தில் தொடரும்போது காதுக்கு ஓய்வு தருவதில்லை. கோஸ்ட்ஃபேஸிடம் அழுகையும் நகைச்சுவையும் உண்டு. குழுவின் இன்னொரு ராப்பரான மெத்தட் மேனிடம் பல்லவியைத் தூக்கி நிறுத்தும் குரல் உண்டு. டெக்கிடம் இருப்பது எழுத்து. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் மாறுபட்ட ஒரு குரல் ஒலித்தால்தான் அதன் கூர்மை முழுமையாகத் தெரிகிறது. 2003இல் வந்த 'தி மூவ்மென்ட்', 2006இல் வந்த 'தி ரெசிடென்ட் பேஷன்ட்', 2010இல் வந்த 'மேனிஃபெஸ்டோ' ஆகியவற்றில் நல்ல பாடல்கள் உண்டு. ஆனால் இந்தக் குறையை அவை தீர்க்கவில்லை.

அதைத் தீர்த்தது இன்னொரு கூட்டணி. பாஸ்டனைச் சேர்ந்த டீஜே செவன்எல், ராப்பர் எசோடெரிக் ஆகியோருடன் 2013இல் அவர் தொடங்கிய ஸார்ஃபேஸ் குழு, ஒரு காமிக்ஸ் கதாபாத்திரத்தை முகமூடியாக வைத்துக்கொண்டது. தனி ஆல்பங்களில் அமையாத பாத்திரமும் விளையாட்டும் இங்கே தாமாக வந்து சேர்ந்தன. எசோடெரிக்கின் குரல் மாறி மாறி வருவதால் டெக்கின் வெர்ஸ்கள் பழைய நறுக்குத்தனத்தை மீட்டுக்கொண்டன. 2018இல் முகமூடி ராப்பர் எம்எஃப் டூமுடன் ஸார்ஃபேஸின் ஓர் ஆல்பமும், 2019இல் கோஸ்ட்ஃபேஸுடன் ஓர் ஆல்பமும் வெளிவந்தன. டெக்கின் தனி ஆல்பமான 'சேம்பர் நம்பர் 9'உம் அதே 2019இல் வந்ததால் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது. அப்படிக் கேட்கும்போது நான் மறுபடி போடுவது கோஸ்ட்ஃபேஸுடன் செய்த ஆல்பத்தைத்தான்.